பகலில் எரியும் பல்பு

கதவைத் திறந்து வைப்பதா, சாத்தி வைப்பதா. திறந்து வைத்தால் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது தெரிந்துவிடும். சாத்தி வைத்தால் ஆள் இல்லை என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள், போகிற போக்கில் எழுதியும் விடுவார்கள். காரிடாரை எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கதவை அகலத் திறந்து, அது காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒரு செருப்பை முட்டுக் கொடுத்திருக்கிறாள். நானும் என் செருப்பைக் கழற்றி முட்டுக் கொடுத்தேன். உடனே உறுத்தியது. இரண்டு பேர் வாழும் வீட்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு. அம்மாவுடையது எங்கே என்று கேட்டால்? வேலைக்குப் போயிருக்கிறாள் என்பேன். வேலைக்குப் போகிறவள் செருப்பைப் போட்டுக்கொண்டுதானே போவாள். ஆமாம், அது உண்மை. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது உண்மை. காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சொல்லப்போகிற பதில்களில் உண்மையாக இருப்பவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன், அரிசியில் கல் பொறுக்குவதைப் போல. என் பெயர் மோனிஷா, உண்மை. ஒதுக்கீடு அம்மா பெயரில், உண்மை. ஆதாரில் இந்த முகவரிதான், உண்மை. "இந்த வீட்டில் இருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது.

வரப்போவது வீடு ஒதுக்கிய வாரியத்து ஆட்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எது சும்மா பூட்டிக் கிடக்கிறது, எது உள்வாடகைக்குப் போயிருக்கிறது என்று பிளாக் பிளாக்காகப் பார்த்து வருகிறார்கள். ஆள் இல்லாத வீடு என்று பதிந்தால் ஒதுக்கீடு ரத்து. வீடில்லாதவர்கள் அத்தனை பேர் காத்திருக்கும்போது கொடுத்த வீட்டைப் பூட்டி வைப்பது அநியாயம்தானே. பேப்பரில் படித்திருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கல்லூரியில் அரசு நலத்திட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'பயனாளிகள்' என்று எழுதினேன். பயனாளிகளின் வாழ்க்கைத்தரம், பயனாளிகளைக் கண்டறிதல். அது என் அம்மா என்று எழுதும்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஆற்றோரத்தில் எங்கள் குடிசைகளை எடுத்த அன்று ஜேசிபி திரும்பி நிற்க, அம்மா உள்ளே போய்க் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தகரம் போகட்டும், ஓலை போகட்டும், கதவு மட்டும் வேண்டும். நான் வயசுக்கு வந்த வருஷம் வைத்த கதவு. அதுவரை பழைய புடவைதான் வாசலில் தொங்கும். லாரிக்காரர், "புது வூட்லதான் கதவு குடுத்துகிறாங்களே, இத்த எதுக்கும்மா தூக்கிகினு வர?" என்று சிரித்தார். அம்மா அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு வந்தாள். அந்தக் கதவு இப்போது இந்த ஹாலில், அடுப்படிப் பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் சிவப்புப் பெயின்டில் போட்ட எண் இன்னும் அழியவில்லை. ஒரு வீட்டுக்குள் நிற்கும் இன்னொரு வீட்டின் கதவு. அதைப் பற்றிக் கேட்பார்களா? கேட்டால் என்ன, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லலாம். உண்மை. அதையும் ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

பூட்டி வைக்க வேண்டும் என்று பூட்டவில்லை. எட்டு மாதம் இருந்து பார்த்தோம். அம்மாவுக்கு நகரத்துக்குள் நாலு வீட்டில் வேலை. முதல் வீட்டில் விடிவதற்குள் காபிக்குப் பால் காய்ச்ச வேண்டும். இங்கிருந்து கிளம்பும் முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது அவர்கள் காபி குடித்து, பேப்பர் படித்து, கோபப்பட்டும் முடித்திருப்பார்கள். இரண்டு வீடு கையைவிட்டுப் போனது. மூன்றாவதும் போவதற்குள், அந்த வீட்டு வக்கீல் அம்மா தங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் அறையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேதான் படுக்கிறோம். மெஷின் ஓடும்போது தரை நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன், இப்போது நடுங்காத தரையில் உட்கார்ந்தால் ஏதோ குறைகிறது. அங்கே சுவரில் ஆணி அடிக்க முடியாது. அசோசியேஷன் செக்ரட்டரி மாறினால், வக்கீல் அம்மா மகளிடம் அமெரிக்கா போய்விட்டால், ஒரு மாலைக்குள் மூட்டை கட்ட வேண்டும். ஆணி அடிக்கிற உரிமையுள்ள சுவர் எங்களுக்கு உலகத்திலேயே இந்த நான்குதான், எட்டாவது மாடியில், இருக்க முடியாத தூரத்தில். இருக்கிற இடம் எங்களுடையது இல்லை, எங்களுடைய இடத்தில் நாங்கள் இல்லை. இந்த வாக்கியத்தை அதிகாரியிடம் சொன்னால் எப்படியிருக்கும்? மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். படித்த திமிர் என்பார்கள். வேண்டாம்.

பையை இன்னொரு தடவை பார்த்தேன். அம்மா நேற்று கட்டிக்கொடுத்த பை. பாதி கரைந்த சோப்பு, வக்கீல் வீட்டு பாத்ரூமில் இருந்தது, சந்தன வாசனை. பிதுக்கி மடித்த பேஸ்ட் டியூப். முடி சுற்றிய சீப்பு. ஒரு பாலிதீன் கவரில் வெங்காயச் சருகு. "புது சோப்பு வெச்சா மாட்டிக்குவோம்டி. புது சோப்பு வெக்கிறவங்க எல்லாம் விருந்தாளிங்க." சோப்பை அதன் இடத்தில் வைத்தேன். சீப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். சருகை அடுப்படி மூலையில் கொட்டினேன். கொட்டியது கொட்டியது மாதிரி இருந்தது. காலால் லேசாகக் கலைத்தேன். இப்போது கலைத்தது மாதிரி இருந்தது. வந்ததும் தூசியைப் பார்த்து பயந்து வீடு முழுக்கத் துடைத்தது வேறு தப்பாகிவிட்டது. கோயிலில் கழுவி விட்ட பிராகாரம் மாதிரி இருக்கிறது, வீடு மாதிரி இல்லை. வாழ்கிற வீட்டில் எது எப்படிக் கிடக்கும்? எனக்கு நினைவில்லை. ஒரு டம்ளர் எங்கே கவிழ்ந்திருக்கும்? துண்டு எந்தப் பக்கம் தொங்கும்? மூன்று வருஷம் புள்ளியியல் படித்தேன். தற்செயலாகக் கிடப்பதைப் போல ஒன்றை வேண்டுமென்றே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள், மனிதன் யோசித்து எழுதும் எண்கள் ஒருபோதும் சீட்டுக் குலுக்கி எடுத்தது போல வராது என்று. இதற்கென்று அவர்கள் சொல்லவில்லை.

"இன்னாடி மோனி, பொண்ணு பாக்க வராங்களா?" வாசலில் எஸ்தர் அக்கா, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு. "தலைய வாரி பொட்டு வெச்சிகினு சப்பளம் போட்டு ஒக்காந்துகினு கீற. நைட்டிய மாட்டு. தலைய அவுத்து வுடு. வூட்ல இருக்கறவ மாரி இரு." நைட்டி எடுத்து வரவில்லை என்றேன். அக்கா குடத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே நாலு பக்கமும் பார்த்தாள், பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்தது. "எதுத்த பிளாக்ல ரெண்டு வூட்டுக்கு சீல் வெச்சிட்டானுங்க. பாவம், கெழவன் ஆஸ்பத்திரில கெடந்தான், அதுக்குள்ள. சரி, தண்ணி என்னிக்கி வருதுன்னு கேப்பாங்க, இன்னா சொல்லுவ?" தெரியவில்லை. "ஒன்னுவுட்டு ஒரு நாளு. காலீல. எட்டாவது மாடிக்கு ஏறாது, கீழ போயி புடிக்கணும். லிப்ட்டு?" ஓடவில்லை, ஏறி வரும்போது பார்த்தேன். "எப்ப இருந்து ஓடலன்னு கேட்டா?" ஒரு வாரமாக என்றேன். "ஓடுனதே எப்பன்னு தெர்லன்னு சொல்லு, அதான் கரெக்ட்டு" என்று மறுபடி சிரித்தாள். பிறகு மேலே காட்டினாள். "உங்க வூட்டு லைட்டு ஒண்ணு போதும்டி. ராவும் பகலும் எரியுது. என் பையன் ராத்திரில அத்த பாத்துதான் பயப்படாம வெளிய போவான். மோனி அக்கா வூட்ல முழிச்சினு கீறாங்கம்மாம்பான். நானும் ஆமாண்டா கண்ணும்பேன்." குடத்து நீரைப் பாதி எங்கள் வாளியில் ஊற்றிவிட்டுப் போனாள். எட்டு மாடி தூக்கி வந்த தண்ணீர். நன்றி சொல்லத் தோன்றியபோது அவள் கதவு தாண்டியிருந்தாள்.

அந்த பல்பு அம்மாவின் ஏற்பாடு. ஹாலின் நடுவில், குண்டு பல்பு, மஞ்சளாக. பூட்டிக்கொண்டு போன அன்று போட்டுவிட்டு வந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருப்பது போலத் தெரியும், கரண்ட் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும், இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும் என்று. எப்போதாவது வந்து பூட்டைப் பார்த்து, பல்பு ஃபியூஸ் போயிருந்தால் மாற்றிவிட்டுப் போவாள். நேற்றுகூட, "எத்த வேணா செய்யி, லைட்ல கைய வெக்காத" என்றாள். அதனால் நான் தொடவில்லை. ஜன்னலில் வெயில் இவ்வளவு வருகிறது, பல்பும் எரிகிறது. பகல் வெளிச்சத்தில் அது வெளிச்சமே தரவில்லை, சும்மா விழித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை மாதமாக இந்த வீட்டில் வாழ்ந்தது அது ஒன்றுதான். எங்களுக்குப் பதிலாக, எங்கள் பெயரில், தூங்காமல். அதற்கு முகம் இருந்தால் அம்மாவின் முகமாக இருக்கும் என்று நினைத்தேன். உடனே இல்லை, என் முகம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்காமல் இருக்க எழுந்து போய்த் துண்டை நனைத்துக் கொடியில் போட்டேன்.

போன் அடித்தது. அம்மா. பின்னால் மிக்ஸி ஓடுகிறது. வக்கீல் வீட்டுச் சமையலறையில் மிக்ஸி சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் பேசுவாள். "வந்துட்டாங்களா?" இன்னும் இல்லை. "சாப்டியா?" ம். "பயந்துக்காத. நாலு வார்த்த கேப்பாங்க, போய்டுவாங்க. மூஞ்ச மட்டும் பாத்துக்கோ. உனுக்கு மூஞ்சிதான்டி எதிரி, எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்." அம்மா, கேட்டால் என்ன சொல்ல? "இருக்கோம்னு சொல்லு." நாம இல்லையே. "நாம எங்கதான்டி இருக்கோம்? அங்க இருக்கோமா? இங்க இருக்கோமா? அவங்க கேக்கறதுக்கு சொல்லு. தேங்கா அரச்சி முடிஞ்சிச்சி, வெக்கிறேன்." முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கப் போனபோதும் இப்படித்தான், வருவாய் ஆய்வாளர் கேட்டார், வீட்டில் வேறு யாராவது டிகிரி படித்திருக்கிறார்களா என்று. அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். உண்மைக்கு அப்படி ஒரு முகம் உண்டு. அந்த முகம் இன்று என்னிடம் இல்லை, சீப்பையும் சோப்பையும் கொடுத்தனுப்பியவள் அதைக் கொடுக்க மறந்துவிட்டாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வக்கீல் அம்மா சொல்லி, அதே தெருவில் ஆடிட்டர் ஆபீஸ். முதல் வேலை. மாதக் கடைசிகளில் ராத்திரி எட்டு ஒன்பது ஆகும்மா, பக்கத்தில்தானே இருக்கிறாய், பிரச்சினை இல்லையே என்று ஆடிட்டர் கேட்டார். இல்லை சார் என்றேன். பக்கத்தில்தான் இருக்கிறேன் என்றேன். அது உண்மை. அங்கே பக்கத்தில் இருப்பது உண்மையென்றால் இங்கே இருப்பது? இரண்டு பேரிடம் இரண்டு இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லும் ஒருத்தி எந்த இடத்தில் இல்லாமல் போவாள்? எட்டு மணிக்கு மேல் அங்கிருந்து இங்கே நேர் பஸ் கிடையாது. ஏன் இதை யோசிக்கிறேன். யாரும் என்னை இங்கே இருக்கச் சொல்லவில்லை. அம்மா சொல்லவில்லை. சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதற்காகத்தான் பல்பு வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். ஒரு பெண், முப்பத்தைந்து இருக்கும், துப்பட்டாவைத் தலையில் சுற்றி, கையில் டேப்லெட். எஸ்தர் அக்கா வீட்டில் நாலு வார்த்தை, அக்காவின் பெரிய சிரிப்பு. பிறகு இங்கே. "வாரியத்துலேர்ந்து வரேன்மா. கொஞ்சம் தண்ணி குடு." கொடுத்தேன். எஸ்தர் அக்காவின் தண்ணீர். நின்றபடியே குடித்தார். பெயர் கேட்டார், சொன்னேன். அம்மா எங்கே, வேலைக்குப் போயிருக்கிறார்கள். நீ? பி.எஸ்சி முடிச்சிருக்கேன் மேடம். "பரவால்லயே" என்று நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பரவால்லயே நல்லவிதமாகத்தான் இருந்தது. பாத்ரூமை எட்டிப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், சருகைப் பார்த்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒதுக்கி வைத்த உண்மைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன், தீர்வதற்குள் அவர் போய்விட வேண்டும். அவர் மேலே பார்த்தார். "பகல்ல எதுக்கும்மா லைட்டு? அணைச்சிரு. ஸ்கிரீன்ல அடிக்குது, எழுத்து தெரியல." நான் வாசல் ஓரத்து ஸ்விட்ச் போர்டுக்குப் போனேன், எந்த ஸ்விட்ச் என்பது மறந்துபோயிருந்தது. முதலாவதை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, ஃபேன் சுற்றியது. மூன்றாவது ஒன்றுமில்லை. நாலாவது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி முதலாவது. அப்படியே கண் சுவரோடு ஓடி அந்தப் பழைய கதவில் போய் நின்றது, சிவப்பு எண்ணில். கதவின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இன்னொரு போர்டின் மூலை கொஞ்சமாகத் தெரிந்தது. யார் கையும் தவறிப் பட்டு அணைத்துவிடக் கூடாதென்று அம்மா கதவைக் கொண்டுபோய் அதன்மேல் சாத்தியிருக்கிறாள். விளக்கை அணைக்கவே தேவையில்லாதவர்கள் செய்கிற வேலை. குடியிருக்கும் எந்த மனுஷியும் தன் வீட்டு ஸ்விட்ச்சைக் கதவு போட்டு மூட மாட்டாள். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினேன், கனமாக இருந்தது, தரையில் இழுபட்டுச் சத்தம் போட்டது. பின்னால் சுவரில் தூசி, துடைக்காத இடம், கதவின் அளவுக்கு. ஸ்விட்ச்சில் சிலந்தி வலை. அழுத்தினேன். பல்பு அணைந்தது. இருட்டவில்லை, வெயில் இருந்தது, ஆனால் வீட்டில் யாரோ இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்தியது போல இருந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வேல உங்கம்மாவுக்கு?" சொன்னேன். "பஸ்ஸு தோதுப்படலியா?" ஆமாம் மேடம். முதல் பஸ், காபி, போன வீடுகள், எல்லாம் வாயில் வந்து நின்றது, ஆனால் அவர் கையை லேசாக உயர்த்தினார். கோபமாக இல்லை, களைப்பாக. "இந்த பிளாக்ல பாதி வீட்ல இதத்தாம்மா சொல்றாங்க. அதுக்கெல்லாம் இதுல எடம் கெடையாது. ரெண்டே கட்டம்தான். ஆள் இருக்காங்க, ஆள் இல்ல. நான் ஒண்ண தொடணும். நேத்து வரைக்கும் என்னன்னு நான் கேக்கல. நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. இந்த வீட்ல ஆள் இருக்கா?" டேப்லெட்டின் மேல் அவர் விரல் நின்றது. அம்மா சொன்ன வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, இருக்கோம். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. இல்லை என்பதும் முடியவில்லை. ஜேசிபியின் முன்னால் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தவளின் முதுகு தெரிந்தது. ஆடிட்டர் ஆபீஸின் கண்ணாடிக் கதவு தெரிந்தது, அதில் என் முகம். எட்டு மணிக்கு மேல் இல்லாத பஸ் தெரிந்தது. அணைந்த பல்புக்குள் கம்பி இன்னும் லேசாகச் சிவந்திருப்பது போலத் தோன்றியது, அது என் கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும். "நான் இருக்கேன் மேடம்." விரல் அசையவில்லை. "ராத்திரியும்?" "ராத்திரியும்." "செக்கிங்குக்கு எப்ப வேணா வருவோம்மா. ராத்திரி கூட." "வாங்க மேடம். இருப்பேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார், அம்மா எதிரி என்று சொன்ன அதே முகத்தை. என்ன தெரிந்ததோ. முதல் கட்டத்தில் விரலை வைத்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

செருப்பை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன். டம்ளரைக் கழுவி எங்கே கவிழ்ப்பது என்று யோசித்து, பிறகு யோசிக்காமல் கவிழ்த்தேன். உட்கார்ந்தேன். தரை நடுங்கவில்லை. ராத்திரி கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழுமா என்று பார்க்க வேண்டும். நாளைக்குத் தண்ணீர் வரும் நாளா, எஸ்தர் அக்காவிடம் கேட்க வேண்டும். ஆடிட்டரிடம் திங்கட்கிழமை என்ன சொல்வது. ஆறு மணிக்குக் கிளம்ப விடுவாரா, விடாவிட்டால் வேறு யாரையாவது எடுத்துக்கொள்வாரா. முதல் வேலை. பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சொன்னது பொய்யா இல்லையா என்பது இனிமேல்தான், ஒவ்வொரு ராத்திரியாக, தெரியும். போன் அடித்தது. மிக்ஸிச் சத்தம். "போய்ட்டாங்களா? இன்னா கேட்டாங்க? இன்னா சொன்ன?" இருக்கிறதாகச் சொன்னேன் என்றேன். "அப்பாடா. எழுதிக்கினாங்களா?" எழுதிக்கொண்டார்கள். "நீ என் தங்கம்டி. சரி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கெளம்பி வா, சோறு எடுத்து வெச்சிகிறேன். பூட்ட ரெண்டு தபா இழுத்துப் பாரு. லைட்ட மட்டும் போட்டுட்டு வந்துரு."

"வேணாம்மா" என்றேன். "லைட்டு வேணாம். நான் இங்கியே இருக்கேன்."

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.